கணினிக் கல்வியும் பழைய மாணவர் கடனும்

விழா மலரொன்றிற்குக் கட்டுரை எழுதப் புகுவோர் கல்லூரி அன்னையின் பழம்பெருமையைப் பாடி அமைவது வழக்கம். அப்பணியை எம்மினும் வல்லார் பலர் இம்மலரிற் செய்திருப்பர். யாம் எடுத்துக்கொண்டது, பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி பேசப்படுவதும், பேசப்படும் அளவிற்குச் சிந்திக்கப்படாததுமாகிய ஒரு பொருள். பாடசாலைகளிற் கணினியைக் கற்பித்தல் ஒன்று. கணினி முதலிய கருவிகளைக் கொண்டு ஏனைய பாடங்களைக் கற்பித்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே எமது இடர்ப்பாடுகள் பலவற்றுக்குத் தோற்றுவாய் என்பது எம் கருத்து.

குடாநாடு கணினியை அடைந்த வரலாறு பிற இடங்களின் வரலாறு போன்றதன்று. இணையம் உலகெங்கும் பரவிய காலத்தில், அஃதாவது 1990ஆம் ஆண்டு முதலாக, இப்பகுதி நாட்டின் மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அக்காலத்து மாணவர் குப்பி விளக்கின் ஒளியிற் படித்தனர். அவ்விளக்கிற்கு வேண்டிய மண்ணெண்ணெயும் அரும்பொருளாயிற்று. வானொலிக்கு வேண்டிய மின்கலமோ தடைசெய்யப்பட்ட பொருள். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக் கொண்டு செய்தி கேட்ட வீடுகள் எத்தனை! அன்று அம்மிதியைச் சுழற்றிய சிறுவன் மின்காந்தத் தூண்டலைப் புத்தகத்திற் படிக்குமுன் தன் தோள் நோவினாற் படித்தான். அன்று ஆசிரியர் இருந்தார், பாடம் இருந்தது, மாணவனிடம் வேட்கை இருந்தது. கருவி மட்டும் இல்லை.

இன்று மின்சாரம் மீண்டுள்ளது. கருவிகளும் வந்து குவிந்துள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் தீவகத்துச் சிறிய பாடசாலையொன்றிற்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கடல்கடந்து வாழும் அன்பர்கள் அன்பளித்த கணினிகள் அங்கே ஓர் அறையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. அறைக்குப் பூட்டு; திறப்பு அதிபரின் மேசை இழுப்பறையில். காரணம் வினவினோம். கணினி கற்பித்த ஆசிரியை இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார் என்றும், பொருட்பதிவேட்டிற் பதிந்த பொருள் பழுதுற்றால் விடை கூற வேண்டியவர் தாமே என்றும் அதிபர் கூறினார். அவரிடம் யாம் குறை காணவில்லை. பூட்டி வைத்த பொருளுக்குக் கணக்குக் காட்டல் எளிது. பிள்ளைகள் தொட்டுப் பழகிய பொருளுக்குக் கணக்குக் காட்டல் அரிது. எனினும் பூட்டினாற் பயன் யாது? உப்புக் காற்றுக்குத் திறப்பு வேண்டியதில்லை. திறந்து இயக்கிப் பார்த்தபோது ஏழிற் நான்கு உயிர் பெறவில்லை. வாயிலிற் பதித்த கொடையாளர் பெயர்ப்பலகை மட்டும் துலக்கமாக இருந்தது.

இது ஒரு பாடசாலையின் கதையன்று என்பதை இம்மலரைப் படிக்கும் ஆசிரியர் பலர் அறிவர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள அன்பர்கள் உழைத்துத் தேடிய பொருளை மனமுவந்து அனுப்புகின்றனர். அனுப்பிய பொருள் திறன் வகுப்பறையாகவும் திறன் பலகையாகவும் உருப்பெறுகின்றது. நாடா வெட்டப்படுகின்றது, படம் எடுக்கப்படுகின்றது. மூன்றாம் ஆண்டில் ஒளியெறியியின் விளக்குப் பழுதாகின்றது. அதனை மாற்றப் பணம் கேட்டு எழுதும் கடிதத்திற்கு விழா எடுப்பார் யார்? புதிய பலகை வழங்க முன்வருவோர் பத்துப் பேர் உளராயின், பழைய பலகையைப் பழுது பார்க்க முன்வருவோர் ஒருவர் கிடைத்தல் அரிது. இதைக் கூறுவதனால் எம்மீது சினங்கொள்வாரும் உளர். சினந்தாலும் ஒருமுறை எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகின்றோம்.

இவ்விடத்தில் எம் ஊர்ப் பெரியார் ஒருவரின் செயல்முறை நினைவிற்கு வருகின்றது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதன் பின்னரே, 1849இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். அவ்வியந்திரத்திற் பதிப்பதற்குப் பாலபாடங்களைத் தாமே எழுதினார். முதலிற் பிள்ளைகள், அடுத்துக் கருவி, உடன் பாடநூல். அச்சியந்திரம் அந்நாளைய திறன் பலகை என்று கூறின் மிகையாகாது. ஆயின் பாலபாடம் எழுத ஒருவர் இல்லாதிருந்தால் அவ்வியந்திரம் வண்ணார்பண்ணையில் துருவேறிய இரும்பாகவே நின்றிருக்கும். யாமோ இவ்வரிசையைத் தலைகீழாக்கி, இயந்திரத்தை முதலில் இறக்கிவிட்டுப் பாடத்தையும் ஆசிரியரையும் பின்னர்த் தேடுகின்றோம்.

பிற நாட்டார் அனுபவமும் இதுவே. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் பிள்ளைக்கொரு மடிக்கணினி என்னும் திட்டம் பெருஞ்செலவில் நடைபெற்றது. நாட்டுப்புறத்துப் பாடசாலைகள் 319ஐ ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் அப்பிள்ளைகளின் பெறுபேறு உயர்ந்தமைக்குச் சான்று காணவில்லை. யுனெஸ்கோ நிறுவனமும் 2023ஆம் ஆண்டு அறிக்கையில், கல்வியிற் கருவி யாருடைய நலனுக்காகப் புகுத்தப்படுகின்றது என்னும் வினாவையே முன்வைத்தது.

அங்ஙனமாயின் கணினிக் கல்வி வேண்டா என்பதா எம் கொள்கை? அன்று. மிக வேண்டும் என்பதே எம் கொள்கை. ஆனால் அக்கல்வி கணினித் திரையில் அன்று, சிந்தையில் தொடங்க வேண்டும். நியூசிலாந்தில் ரிம் பெல் முதலிய பேராசிரியர்கள் கணினி ஒன்றுமே இல்லாமற் கணினியியல் கற்பிக்கும் முறையொன்றை வகுத்தனர். மாணவர் ஐவரை வரிசையாக நிறுத்தி, வலப்பக்கத்திலிருந்து 1, 2, 4, 8, 16 என்னும் எண்ணிக்கையிற் புள்ளியிட்ட அட்டைகளைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் அட்டையைக் காட்டலாம், அல்லது மறைக்கலாம்; வேறு செயல் இல்லை. 21 என்று ஆசிரியர் கூறினால் 16, 4, 1 ஆகிய அட்டைகள் தோன்றும். ஐந்து அட்டைகளைக் கொண்டு 0 முதல் 31 வரை எவ்வெண்ணையும் காட்டலாம் என்பதைப் பிள்ளைகள் தாமே காண்பர். துவித எண் என்பது இவ்வளவே. இதற்கு மின்சாரமும் வேண்டா, கொடையாளரும் வேண்டா.

எம் மாணவர்க்கு இதனினும் அண்மையான வழியும் ஒன்று உண்டு. யாப்பிலக்கணம் கற்றவன் நேர், நிரை என்னும் இரண்டே அசைகளைக் கொண்டு ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு எனக் கணக்கிட்டவன். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என வாய்பாடு சொல்லும் மாணவன், ஓர் அசை கூடும்தோறும் தொகை ஏன் இரட்டிக்கின்றது என்று வினவத் தொடங்கினால், அவன் கணினியியலின் வாயிலில் நிற்கின்றான். தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒரு பாடவேளை ஒன்றாக ஒரு வகுப்பில் நின்றால் இதனைக் கற்பித்துவிடலாம். (இதனை எடுத்துக்காட்டி, எம் முன்னோர் கணினி கண்டனர் என்று மேடையில் முழங்குவாருடன் யாம் சேர்கிலேம். முன்னோர் கண்டது யாப்பு; அதுவே போதிய பெருமை.)

இனி மொழி பற்றிச் சிறிது கூற வேண்டும். கணினி ஆங்கிலேயர் மொழிக்குரியது, தமிழிற் கற்பித்தல் வீண்முயற்சி என்பார் எம்மிடையே பலர். மருத்துவம் பற்றியும் ஒருகாலத்தில் இவ்வாறே கூறினர். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான கிறீன் வைத்தியர் அதனைத் தமிழிலே கற்பித்தார்; இரண வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலாய நூல்களை வெளிப்படுத்தினார். இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் சூட்ட அவர் கூசவில்லை என்பது கருதத்தக்கது. கிடைத்த தமிழ்ச்சொல்லை ஆண்டார், கிடையாதவிடத்து ஒலிபெயர்த்தார், பாடத்தை நிறுத்தி வைக்கவில்லை. அவருக்குப் பின், 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் எம் நாட்டவராகிய விபுலாநந்த அடிகளே. இவ்வழி வந்த யாம், கணனி என்பதா கணினி என்பதா என்று பல ஆண்டுகள் வாதிட்டோம். வாதம் முடிவதற்குள் ஒரு தலைமுறை பாடசாலையை விட்டு வெளியேறிவிட்டது.

உயர்தர வகுப்பிற் கற்பிக்கப்படும் பைதன் என்னும் செய்நிரல் மொழியில் ஒதுக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் 35 மட்டுமே. முப்பத்தைந்து சொற்களை எப்பிள்ளையும் ஒரு கிழமையில் நெட்டுருச் செய்யும். அச்சொற்களை எவ்வொழுங்கில் அடுக்குவது, ஏன் அடுக்குவது என்பதே கடினம். அதனைத் தாய்மொழியிற் சிந்தியாத பிள்ளை வேறெம்மொழியிலும் சிந்தியாது. மேற்படிப்பிற்கு ஆங்கிலம் இன்றியமையாதது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆங்கிலம் வரும்வரை சிந்தனையைப் பூட்டி வைக்கும் வழக்கத்தையே மறுக்கின்றோம்.

தமிழ் என்று கூறும்போது மற்றொரு குறையையும் மறைத்தல் தகாது. எமது பகுதியிற் பல்லாண்டு காலம் வினாத்தாளும் மலரும் நினைவு நூலும் பாமினி என்னும் எழுத்துருவிலே தட்டச்சிடப்பட்டு வந்தன. பாமினி அந்நாளிற் பேருதவி புரிந்தது. அதனை இகழ்தல் நன்றிகேடு. ஆயின் அதில் எழுதும் தமிழைக் கணினி தமிழென அறியாது. ‘தமிழ்’ என்று தாளிற் பதியும் சொல், கணினியின் உள்ளே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கின்றது; தமிழ் வடிவம் மேற்பூச்சு மட்டுமே. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே தனியிடம் உண்டு. அவ்வாறிருந்தும் இன்னும் பாமினியில் எழுதி அனுப்புவோர் உளர். அவ்வெழுத்துக்களை எத்தேடுபொறியும் தேடாது. இன்று மாணவர் வினவி விடைபெறும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் தமிழாகப் படியா. அவை தரும் தமிழ் நன்றாக இல்லை என்று நகைப்பவர்கள், அவை படிப்பதற்கு நல்ல தமிழை யாம் எவ்வளவு இட்டோம் என்றும் எண்ண வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட மக்கள் யாம்; நூலை இழத்தல் யாது என்பதை எமக்கு ஒருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2005இல் தன்னார்வத் தொண்டர்களாற் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இத்துறையில் ஆற்றிவரும் பணி, பெரும் பொருட்செலவில்லாமலும் பெரும்பணி ஆற்றலாம் என்பதற்குச் சான்று.

2020இற் கொள்ளை நோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தொலைபேசி வழியே பாடம் வந்தது. மூன்று பிள்ளைகளுள்ள வீட்டிற் தொலைபேசி ஒன்று. அதுவும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். 2022இல் நாளொன்றில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்த நாட்களும் உண்டு. கருவியை மட்டும் நம்பிய கல்வி எத்தகையது என்பதை அவ்விரண்டு ஆண்டுகளும் காட்டின. எமது நகரக் கல்லூரிகள் ஒருவாறு சமாளித்தன. தீவகத்தும் வடமராட்சி கிழக்கிலும் உள்ள சிறு பாடசாலைகள் சமாளிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசிலினால் அப்பாடசாலைகளின் நல்ல மாணவரை ஆண்டுதோறும் நகரத்திற்கு ஈர்த்துக்கொள்ளும் யாம், அவற்றிற்குத் திருப்பிக் கொடுப்பது யாது?

யாழ் ஐ.ரி. ஹப் என்னும் அமைப்பினர் பாடசாலை மாணவர்க்கும் போட்டிகள் நடத்தி, தொழிலில் உள்ளோரைக் கொண்டு அவர்களுக்கு வழிகாட்டுகின்றனர். பொருளன்று, நேரமே அவர்கள் தரும் கொடை. எமது சங்கத்தினரிற் கணினித் துறையிற் தொழில் புரிவோர் ஏராளம். புதிய கணினிகள் பத்து வாங்கும் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, அயற்பாடசாலைகள் ஐந்திற்குப் பொதுவாகப் பழுது பார்ப்பவர் ஒருவரை ஏற்படுத்தலாம். இனிவரும் ஒவ்வொரு கொடையுடனும் ஐந்தாண்டுப் பராமரிப்புப் பணமும் சேர்ந்து வராவிடின் அதனை ஏற்பதில்லை என்று சங்கம் ஒரு விதி செய்யலாம். பழுதுற்ற பொருளுக்கு ஆசிரியர் கைப்பணம் கொடுக்க நேர்ந்தால் அதனைச் சங்கமே ஏற்கும் என்று எழுதிக் கொடுத்தால், பூட்டிய அறைகள் பல அன்றே திறக்கும்.

இவற்றினும் எளியது ஒன்று உண்டு. எமது கல்லூரியின் கணினி அறையைச் சனிக்கிழமைகளில் அயற்பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடலாம்; எமது உயர்தர வகுப்பு மாணவரே அவர்களுக்குக் கற்பிக்கலாம். கற்பித்தலாற் கற்பிப்பவனும் பயன்பெறுவான் என்பதை ஆசிரியர்க்கு யாம் கூற வேண்டியதில்லை. நெடுந்தீவுப் பிள்ளை படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் நகரத்திற்கு வரவேண்டும். மாலைப் படகிற்கு முன் திரும்பியும் ஆக வேண்டும். ஆகவே வகுப்பு நண்பகலுக்குச் சற்றுப் பின்னரே முடிதல் வேண்டும். மதிய உணவும் வழங்குதல் வேண்டும். அவ்வுணவிற்கும் வழிச்செலவிற்கும் ஆகும் தொகையைக் கணக்கிட்டுச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்வைக்க எண்ணியுள்ளோம்.