முதல் ஆளாக யாரை எடுக்கணும்?



நம் மைதானத்தில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது ரெண்டு கேப்டனும் முதலில் ரெய்டரைத்தான் எடுக்கிறார்கள். கார்னரில் நிற்பவன் கடைசி ஆள். இது தப்பு என்பது என் கருத்து.

2022-ல் புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ், பவன் செராவத் என்ற ரெய்டரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. முதல் மேட்ச்சிலேயே அவருக்குக் காலில் அடி. அந்த சீசனில் பிறகு ஆடவே இல்லை. ஆனால் அந்த சீசனில்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது! நரேந்தர் என்ற புது ரெய்டர் பாயிண்ட் குவித்தார், மறுக்கவில்லை. அதைக் கைவிடாமல் காத்தது கார்னரில் நின்ற சாகரும் சாஹில் குலியாவும்தானே?

கணக்குப் பாருங்க. ஒரு பிடி பிடித்தால் நமக்கு ஒரு பாயிண்ட். நம்ம ஆள் ஒருத்தன் உள்ளே வர்றான். வெளியே போறது அவங்க ரெய்டர்! மூணு பேர் மட்டும் நின்று பிடித்தால் ரெண்டு பாயிண்ட்.

நம்ம கொடைரோடு திராட்சைப் பந்தலில் எல்லார் கண்ணும் பழத்து மேலதான். மூலைக்கால் சாய்ஞ்சா பந்தலே படுத்துரும்ல?

"நீ கார்னர் ஆடுறவன், அதான் இப்படி எழுதுற" என்பீர்கள். உண்மைதான். கடைசி வரை பேர் கூப்பிடாமல் நிற்பவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

வகுப்புப் போட்டி வருது. கேப்டன்களே, ஒரே ஒரு தடவை கார்னர்காரன் பேரை முதலில் கூப்பிட்டுப் பாருங்க!

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு