நாப்கினுக்கு 'டாட்டா' காட்டிய கேரள கிராமம்... நம்ம ஊருக்கு சரிப்பட்டு வருமா?

கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தில் கும்பளங்கி என்று ஒரு ஊர். கொச்சிக்குப் பக்கத்தில், சுற்றிலும் காயல் தண்ணீர், நடுவே மீனவ கிராமம். 2019-ல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' மலையாளப் படம் பார்த்தவர்களுக்கு ஊர் பெயர் ஞாபகம் இருக்கும். இந்த ஊரைத்தான் 2022 ஜனவரியில், 'நாட்டிலேயே சானிட்டரி நாப்கின் இல்லாத முதல் கிராம பஞ்சாயத்து' என்று அப்போதைய கேரள கவர்னர் ஆரிப் முகமது கான் அறிவித்தார்.

நாப்கின் இல்லையா? அப்போ பொம்பளைங்க அந்த மூணு நாளுக்கு என்ன பண்ணுவாங்க? பழைய துணிக்கே போயிட்டாங்களா?

அதுதான் இல்லை. 'மென்சுரல் கப்' என்ற மாதவிலக்கு கப்புக்கு மாறினார்கள். சிலிக்கான் ரப்பரில் செய்த, மணி வடிவத்தில் இருக்கும் குட்டிக் கிண்ணம். மடித்து உள்ளே வைத்துக் கொண்டால் உதிரம் அதிலேயே சேரும். 12 மணி நேரம் வரை தாங்கும். எடுத்துக் கொட்டி, கழுவி, திரும்ப வைத்துக் கொள்ளலாம். மாதவிலக்கு முடிந்ததும் வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்து வைத்தால் அடுத்த மாதத்துக்கு ரெடி. நல்ல கப் என்றால் 5 வருடத்துக்குக் குறையாமல் வரும், 10 வருடம் கூட உழைக்கும்.

'அவள்க்காயி', அதாவது 'அவளுக்காக' என்ற பெயரில் அந்த ஊரில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்கள் கொடுக்கப்பட்டன. சப்ளை செய்தது எச்.எல்.எல். லைஃப்கேர். நிரோத் தயாரிக்கிற அதே மத்திய அரசு நிறுவனம்தான்!

வெள்ளம் கிளப்பிய நாற்றம்

கேரளாவுக்கு இந்த யோசனை சும்மா வரவில்லை. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் ஆலப்புழா பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் நிவாரண முகாம்களில் தங்கினார்கள். நல்ல மனசோடு ஊரே நாப்கின் அனுப்பி வைத்தது. பயன்படுத்திய பிறகு எங்கே போடுவது? புதைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் தண்ணீர். எரிக்கவும் வழியில்லை. மூட்டை மூட்டையாகச் சேர்ந்து போனது.

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2019-ல் ஆலப்புழா நகராட்சியில் 'திங்கள்' என்ற திட்டம் வந்தது. நிலவுக்கும் மாதத்துக்கும் நம்ம தமிழில் இருக்கிற அதே சொல். 5 ஆயிரம் பெண்களுக்கு இலவச கப். வெறுமனே கையில் கொடுத்து அனுப்பவில்லை. கூட்டம் போட்டு, விளக்கம் சொல்லி, பிறகும் போய் விசாரித்தார்கள். இந்த 'பிறகும் போய் விசாரித்தார்கள்' என்பதுதான் முக்கியம். நம்ம ஊர் திட்டங்கள் பலவும் கோட்டை விடுகிற இடம் அதுதான்.

ஒரு பெண்ணுக்கு மாதம் 12 நாப்கின் என்று வைத்தாலே, 5 ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் நாப்கின். ஒரே ஒரு நகராட்சியில், ஒரு பகுதி பெண்களின் கணக்கு இது. அத்தனையும் குப்பைக்குப் போகாமல் நின்றால் சும்மாவா?

அதன் பிறகு கேரள அரசு 2023 பட்ஜெட்டில் கப் பயன்பாட்டை ஊக்குவிக்க 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. கர்நாடகாவும் சாம்ராஜ்நகர், தட்சிண கன்னடா மாவட்டங்களில் மாணவிகளுக்குக் கப் கொடுத்துப் பார்த்தது.

அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பது யார்?

பேப்பரில் சுற்றி, கருப்பு கவரில் போட்டு, தெருத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தால் நம்ம வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அது ஒரு தூய்மைப் பணியாளர் கைக்குப் போகிறது. அதில் பெரும்பாலும் பெண்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கும்போது அந்தக் கருப்பு கவரையும் திறந்துதான் ஆக வேண்டும். கையுறை இருந்தால் உண்டு, கிழிந்திருந்தால் வெறும் கைதான். குழந்தைகளின் டயப்பரும் இதே கதைதான்.

கழிவறையில் போட்டு பிளஷ் பண்ணி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாப்கினுக்குள் இருக்கும் ஜெல் தண்ணீரை உறிஞ்சி ஊதி, பாதாள சாக்கடைக் குழாயை அடைத்துக் கொள்கிறது. அடைப்பு எடுக்க வருவதும் அதே கூலித் தொழிலாளிதான்.

2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் ஒரு விஷயம் சொன்னது. நாப்கின் தயாரிக்கும் கம்பெனிகள், பயன்படுத்திய பிறகு சுற்றிப் போட உறை கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் அதில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று. எத்தனை வீட்டில் அப்படி நடந்தது என்று உங்கள் தெரு தூய்மைப் பணியாளரைக் கேட்டாலே தெரியும்.

சரி, எரித்து விடலாமே என்பார்கள். பள்ளிக்கூடங்களில் சின்னச் சின்ன எரிப்பு மெஷின்கள் வைத்தார்கள். ஆனால் நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக். சூடு பத்தாத மெஷினில் எரித்தால் டையாக்சின் என்ற விஷப்புகை வரும். குப்பை மண்ணுக்குப் போகாமல் மூச்சுக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாப்கின் நமக்கு சும்மா வரலை

இவ்வளவு சொன்னாலும், நாப்கினை வில்லன் ஆக்குவது நியாயம் இல்லை. நம்ம பாட்டி காலத்திலும் அம்மா காலத்திலும் பழைய புடவைத் துணிதான். துணி கெட்டது என்று இல்லை. அதைத் துவைத்து வெயிலில் காயப் போட விடாமல், 'தீட்டுத் துணி, ஆம்பளைங்க கண்ணில் படக்கூடாது' என்று கட்டிலுக்கு அடியிலும் பாத்ரூம் மூலையிலும் ஈரத்தோடு ஒளித்து வைக்க வைத்ததுதான் கெட்டது. அதில் வந்த அரிப்பும் புண்ணும் வெளியே சொல்லாமலே போனது.

கோவைக்காரர் அருணாசலம் முருகானந்தம், மனைவி அழுக்குத் துணி பயன்படுத்துவதைப் பார்த்துத்தான் மலிவு விலை நாப்கின் மெஷின் தயாரிக்க இறங்கினார். ஊரே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது. 2016-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2018-ல் அவர் கதையை இந்தியில் 'பேட் மேன்' என்று படமாகவே எடுத்தார்கள். தமிழக அரசும் 2011-ல் அறிவித்து 2012-ல் தொடங்கிய 'புதுயுகம்' திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுத்தது. 2018 ஜூலையில் நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் ரத்தானது.

மாதவிலக்கு வந்தால் லீவு போட்ட பிள்ளைகள் இதனால்தான் பள்ளிக்கூடம் போனார்கள். எனவே 'நாப்கின் இல்லாத ஊர்' என்று போர்டு வைப்பதற்காக, கொடுத்துக் கொண்டிருக்கும் நாப்கினை யாராவது நிறுத்தினால் அது அயோக்கியத்தனம். கப் கூடுதலாக வரட்டும், பதிலாக வேண்டாம். எதைப் பயன்படுத்துவது என்பதை அந்தப் பெண்ணே முடிவு பண்ணட்டும். பஞ்சாயத்து தலைவரும் எம்.பி.யும் முடிவு பண்ண வேண்டிய சமாச்சாரமா இது?

காசுக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஒரு நாப்கின் 6 ரூபாய் என்றே வையுங்கள். மாதம் 12 என்றால் 72 ரூபாய், வருடத்துக்கு 864 ரூபாய். வீட்டில் அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள் என்றால் இரண்டாயிரத்து அறுநூறு ரூபாயைத் தொடும். ஒரு கப் 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆறேழு மாதத்தில் போட்ட காசு திரும்பி விடும்.

ஆனால் தினக்கூலி வீட்டில் மொத்தமாக 400 ரூபாய் எடுப்பது வேறு, 40 ரூபாய் பாக்கெட் வாங்குவது வேறு. சரிப்பட்டு வருமா என்று தெரியாத பொருளுக்கு 400 ரூபாயை யார் போடுவார்கள்? அதனால்தான் ஆலப்புழாவிலும் கும்பளங்கியிலும் இலவசமாகக் கொடுத்த பிறகு பெண்கள் முயற்சி செய்து பார்த்தார்கள்.

'உள்ளே போயிடாதா?'

கப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே தாய்க்குலம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். போகாது. அந்தப் பாதையின் முடிவில் கர்ப்பப்பை வாய் இருக்கிறது, அதைத் தாண்டி கப் போக வழியே இல்லை. பதற்றத்தில் இழுக்காமல், அடிப்பக்கத்தை விரலால் லேசாக அமுக்கி காற்றை விட்டு எடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் தடுமாற்றம் இருக்கும், கசியவும் செய்யும். அதுவரை கூடவே ஒரு நாப்கினோ துணியோ வைத்துக் கொள்வது நல்லது.

'லான்செட்' மருத்துவ இதழ் 2019-ல் 43 ஆய்வுகளைத் திரட்டி, 3 ஆயிரத்து 300 பெண்களின் அனுபவத்தைப் பார்த்தது. கப் பாதுகாப்பானது, கசிவும் நாப்கினை விட அதிகம் இல்லை என்றது. பயன்படுத்திப் பார்த்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர்ந்து பயன்படுத்த விரும்பினார்கள். மீதி 30 சதவீதம் பேருக்கு ஒத்து வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு பயம் வாய் விட்டுச் சொல்ல முடியாதது. கல்யாணம் ஆகாத பெண் வைத்தால் 'கன்னித்தன்மை' போய்விடும் என்று. ஒரு சவ்வைப் பார்த்து எந்த டாக்டராலும் அதைச் சொல்ல முடியாது. சைக்கிள் ஓட்டினாலே அது விரியக்கூடும். ஆனால் மாமியார் வீட்டுக்குப் பயப்படும் அம்மாக்களிடம் அறிவியல் மட்டும் பேசினால் எடுபடாது. அவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின். ஆரோவில்லில் 'ஈகோ ஃபெம்' அமைப்பு 2010-ல் இருந்து தயாரிக்கிறது. பட்டன் வைத்து உள்ளாடையில் மாட்டலாம், சோப்பு போட்டுத் துவைக்கலாம். ஒரே நிபந்தனை, வெயிலில் காய வேண்டும். மாடியில் சட்டை, லுங்கியோடு அதையும் தைரியமாகக் காயப் போட வேண்டும்.

தண்ணிக்கு எங்கே போறது?

சிக்கல் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. கப்போ துணியோ, கழுவத் தண்ணீர் வேண்டும், கை கழுவ சோப்பு வேண்டும், தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும். லாரித் தண்ணீருக்கு குடத்தோடு வரிசையில் நிற்கும் பகுதியில், பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிவறை என்று வாழும் பெண்ணிடம் போய் 'கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள்' என்று சொல்ல நாக்கு கூசத்தான் செய்யும்.

ஒரு வகையில் பார்த்தால் கப் இவர்களுக்குத்தான் அதிகம் உதவும் என்பது வேடிக்கை. ஜவுளிக் கடையில் காலையில் நின்றால் இரவு வரை நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுப்பதற்கே 2021-ல் தமிழகத்தில் சட்டத் திருத்தம் கொண்டு வர வேண்டியிருந்தது. பாத்ரூம் போக சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில், காலையில் வைத்தால் வீட்டுக்கு வந்து கழுவலாம் என்பது பெரிய நிம்மதி. பனியன் கம்பெனிக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களுக்கும் இதே கதைதான். அதற்காக, 'கப்தான் இருக்கே, பாத்ரூம் எதுக்கு?' என்று எந்த முதலாளியும் கிளம்பி விடக்கூடாது!

ஆசைப்பட்டு வாங்க நினைப்பவர்களுக்கு: கப்பில் சைஸ் உண்டு. சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பெரியது, ஆகாதவர்களுக்குச் சின்னது. 'மெடிக்கல் கிரேடு சிலிக்கான்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கம்பெனி பெயரே இல்லாமல் அடிமாட்டு விலைக்கு வருவதைத் தொட வேண்டாம். காப்பர்-டி போட்டிருப்பவர்கள் கப்பை இழுக்கும்போது அதுவும் நகர வாய்ப்பு உண்டு என்பதால், டாக்டரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய நர்சிடமோ கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். கொதிக்க வைக்க ஒரு சின்னப் பாத்திரத்தைத் தனியாக ஒதுக்கி விடுங்கள். மாமியார் அதில் டீ போட்டு விடாமல் பார்த்துக் கொள்வது உங்கள் சாமர்த்தியம்.