கணக்கை மூடும் முன் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்



ஜூன் பிறந்துவிட்டது. வீடுகளில் சீருடைத் துணி, புதுப் பை, வேன் கட்டணம் என்று பேச்சு நடக்கிறது. பள்ளியில் கணினி ஆசிரியர் மாணவர் பட்டியலோடு திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார். கூகுள் கிளாஸ்ரூமோ மூடுலோ வைத்துப் பாடம் நடத்தும் எந்தப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் வரும் வேலை இது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கணக்கு திறக்க வேண்டும், மற்றவர்களை அடுத்த வகுப்புக்கு மாற்ற வேண்டும், படித்து முடித்துப் போனவர்களின் கணக்கை மூட வேண்டும். 2020-ல் பள்ளிகள் அடைபட்டுக் கிடந்தபோது அவசரமாகத் தொடங்கியது, பல பள்ளிகளில் இன்று நிலைத்துவிட்டது. அன்றைய அவசர ஏற்பாடுகளும் அப்படியே நிலைத்துவிட்டன என்பதுதான் என் கவலை.

பயனர் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘6ஏ12’ என்று வகுப்பு, பிரிவு, வரிசை எண்ணைச் சேர்த்துப் பெயர் வைத்தால் அடுத்த ஜூனில் அது பொருந்தாது. அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போயிருப்பாள். புதிதாக வந்த பையனுக்கு அதே கணக்கைக் கொடுத்தால், அவள் எழுதியதெல்லாம் அவன் கண்ணில் படும். சேர்க்கை எண்ணைப் பயனர் பெயராக வைத்தால் பள்ளியை விட்டுப் போகும்வரை மாற்ற வேண்டியதில்லை. குழுக்களுக்கும் வகுப்பின் பெயரைவிட, அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஆண்டை வைப்பது நல்லது. 2026 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ‘2033 அணி’. ஏழு ஆண்டுகளுக்கும் அந்தப் பெயரே போதும்.

இந்தத் தளங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கின்றன. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் இனிஷியலைக் கடைசியில் போடுகிறார், இன்னொருவர் அப்பா பெயரை முழுசாகப் போடுகிறார். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தால் ஒருவன் மதிப்பெண் இன்னொருவனுக்குப் போய்விடும். கல்வித் துறையின் மாணவர் பதிவேடான எமிஸில் உள்ள எழுத்துக்கூட்டலையே இங்கும் பின்பற்றுவது என்று பள்ளி ஒரு முறை முடிவு செய்துவிட்டால் குழப்பம் இல்லை. பட்டியலை எக்செலில் தயாரிக்கிறவர்களுக்கு இரண்டு சொல். சுழியத்தில் தொடங்கும் சேர்க்கை எண்ணில் எக்செல் அந்தச் சுழியத்தை விழுங்கிவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். பெயர்கள் தமிழில் இருந்தால் கோப்பை ‘யுடிஎஃப்-8’ முறையில் சேமியுங்கள். இல்லையென்றால் பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள்தான் இருக்கும்.

பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாகக் கொடுக்கும் வழக்கத்தை இந்த ஆண்டோடு விட்டுவிடுங்கள். வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்துக் கொண்டாடும் நாள் அது; யாருக்குத் தெரியாது? இன்னொருவர் நுழைந்து ஒரு பெண்ணின் பெயரில் தகாத வார்த்தை எழுதினால் பழியைச் சுமப்பவள் அவள். முதல் முறை நுழைந்ததும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் வசதி கூகுளிலும் மூடுலிலும் இருக்கிறது. பட்டியலை ஏற்றும்போதே அதைச் சேர்த்துவிடலாம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. கணக்கு திறப்பதில் காட்டும் அக்கறையை மூடுவதில் நாம் காட்டுவதில்லை.

எமிஸ் எண் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனாலும் கூடவே போகிறது. டி.சி. வாங்கியதும் பெயர் ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கற்றல் தளத்தின் கணக்கு அப்படி நகராது. அது பள்ளிக்குச் சொந்தம். ஆனால் அதற்குள் இருப்பது பிள்ளையின் உழைப்பு. கிளாஸ்ரூமில் ஆசிரியர் திருத்தித் திருப்பிக் கொடுத்த கட்டுரை அந்த மாணவரின் டிரைவில்தான் இருக்கிறது. கணக்கை அழித்தால் அதுவும் அழியும். அழித்த கணக்கை மீட்க கூகுள் 20 நாள் தருகிறது, அதற்குப் பிறகு மீட்க வழியில்லை. மே மாதத்தில் அழித்துவிட்டால், ஜூன் கடைசியில் கல்லூரிச் சேர்க்கைக்காகத் தன் அறிவியல் கண்காட்சித் திட்டத்தைத் தேடி வரும் மாணவிக்கு என்ன பதில் சொல்வது?

அதற்காகக் காலாகாலத்துக்கும் வைத்திருக்கவும் கூடாது. கூகுளின் இலவசக் கல்வித் திட்டத்தில் பள்ளி முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் இடம் என்று வரம்பு உண்டு. யாரும் தொடாத பழைய கணக்குகளும் அதில் இடம் பிடிக்கின்றன. யாரும் கவனிக்காத கணக்கு திருடர்களுக்கும் வசதி. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. எதற்காகத் தரவு வாங்கினோமோ அந்தத் தேவை முடிந்தால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, அதை அழித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே அழிக்கத்தான் வேண்டும். ஆனால் சொல்லிவிட்டு அழிக்க வேண்டும். பள்ளிக் கணக்கில் உள்ளதைச் சொந்த ஜிமெயிலுக்கு மாற்ற கூகுள் டேக்அவுட்டில் வழி இருக்கிறது. அட்மின் அதை அனுமதித்து, ஒரு பிரிவேளையில் கணினி அறையில் உட்கார வைத்துச் செய்து காட்டினால் பிள்ளைகளே செய்துகொள்வார்கள்.

ஆசிரியர்கள் மாறுதலில் போகும்போதும் இதே கவனம் வேண்டும். வகுப்பின் உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்றிய பிறகே அவர் கணக்கை மூட வேண்டும். பழைய வகுப்புகளை அழிப்பதைவிட ‘ஆர்க்கைவ்’ செய்வது மேல். பாடக் குறிப்பும் விடைகளும் பார்வைக்கு இருக்கும், வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. மொபைல் எண் மாறியிருந்தால் பள்ளி திறந்த முதல் வாரமே சொல்லிவிடுங்கள். பழைய எண் வேறொருவர் கைக்குப் போனால், உங்கள் பிள்ளையைப் பற்றிய செய்திகளும் அவருக்கே போகும்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் செய்கிற ஆசிரியருக்கு வகுப்பும் தேர்வுத் தாள்களும் இருக்கின்றன. இந்த வேலையை இரவில் வீட்டில் உட்கார்ந்து செய்ய விடாதீர்கள்; பள்ளி நேரத்திலேயே இரண்டு முழு நாள் ஒதுக்கிக் கொடுங்கள். படித்து முடித்தவர்களின் கணக்கை ஜூலை முடியும்வரை திறந்தே வையுங்கள். மூடப்போகும் தேதியை டி.சி. கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்