யோகாவுக்கு உண்டு, விளையாட்டுக்கு இல்லை

2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வருகிறது. அறக்கட்டளைகளுக்கான விதிகள் 332 முதல் 355 வரையிலான பிரிவுகளில் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. புதிய எண்கள் கொஞ்ச நாளில் பழகிவிடும். விலக்குக்கு முந்தைய வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத சிறு அறக்கட்டளைகளுக்குப் பதிவு 10 ஆண்டு செல்லும் என்ற சலுகையும் தொடர்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புக்கு அலைந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால், அறநோக்கம் எது என்ற வரையறை அப்படியே பெயர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை இந்த இதழ் ஏற்கவில்லை.

ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவ உதவி, சுற்றுச்சூழல், நினைவுச்சின்னங்கள் எல்லாம் வரையறையில் பெயர் சொல்லி இருக்கின்றன. 2015 நிதிச் சட்டத்தில் நுழைந்த யோகாவும் இருக்கிறது. விளையாட்டு மட்டும் இல்லை. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 1984 செப்டம்பர் 24 தேதியிட்ட 395ஆம் சுற்றறிக்கையின் தயவில் அது 'பிற பொதுநல நோக்கம்' என்ற கடைசித் தலைப்பில் ஒதுங்கி நிற்கிறது. அந்தத் தலைப்புக்குள் போனால் 20 சதவீத வரம்பும் கூடவே வரும்.

இது யாரைக் கடிக்கிறது என்று பார்ப்போம். கூடுவாஞ்சேரி நந்திவரத்தில் பிறந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குப் போன ஓர் ஓட்டக்காரர் சொந்தத் தெருவுக்குத் திரும்பி அறக்கட்டளை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஓட்டப் பயிற்சி. மாலையில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. செலவு வவுச்சர்களைப் புரட்டினால் ஸ்பைக் ஷூ, ஸ்டாப்வாட்ச், அவித்த முட்டை, சுண்டல், கணக்கு நோட்டு, கைடு, கணக்கு டீச்சர் சம்பளம். ஊரப்பாக்கம் அடுக்குமாடிகளிலிருந்து வரும் பிள்ளைகளிடம் மட்டும் மாதக் கட்டணம் வாங்கி, அதில் மற்றவர்களின் முட்டைச் செலவை ஈடுகட்டுகிறார்.

இந்தக் கணக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது? காலைப் பயிற்சி விளையாட்டு, ஆகவே பொதுநலன். கட்டணம் அடக்கச் செலவைக் கணிசமாகத் தாண்டினால் அது வணிக வரவு என்று 2022 அக்டோபர் 19 அன்று அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டுக்கு விலக்கு போய்விடும். சரி, மாலை வகுப்பாவது கல்வியா? அதே நாளில் வந்த நியூ நோபிள் தீர்ப்பு, கல்வி என்றால் முறையான பள்ளிப்படிப்பு என்று 1975 லோக சிக்ஷண டிரஸ்ட் தீர்ப்பின் வழியில் நின்றது. கல்வி நிறுவனங்களுக்கான பழைய 10(23சி) விலக்கு வழி மூடப்பட்டதும் நியூ நோபிளும் முடிந்தது என்று நம்மில் சிலர் நிம்மதி அடைந்திருக்கிறார்கள். 'முழுக்க முழுக்கக் கல்வி' என்ற நிபந்தனை 10(23சி)யோடு போகலாம். கல்வி எது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது அந்தப் பிரிவோடு போய்விடவில்லை. ட்யூஷனை அந்த அளவுகோலில் வைத்தால் அதுவும் கேள்விக்குள்ளாகிறது. மிஞ்சுவது ஏழைகளுக்கு உதவி. அதற்கு, மறைமலைநகரில் ஒப்பந்த வேலைக்குப் போகும் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்றுக்கு நிற்க வேண்டும்.

மைதானம் இல்லாவிட்டால் மாலை வகுப்புக்கு ஆள் வராது என்பது இப்படிப்பட்ட அறக்கட்டளைகளின் வருகைப் பதிவேட்டைப் பார்த்த எந்த ஆடிட்டருக்கும் தெரியும். பிள்ளை ஓடத்தான் வருகிறான், படிக்க உட்கார்ந்துவிடுகிறான். இரண்டும் ஒரே வேலை. சட்டம்தான் லெட்ஜரைக் கிழித்து இரண்டாக்குகிறது.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்ட வைத்தவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அந்த ஆசிரியருக்கு ஒரு பள்ளி கொடுக்கும் சம்பளம் வரிச் சட்டத்தின் கண்ணில் கல்விச் செலவு. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன், தான் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். அது கல்விக்கான கொடை என்பதில் எவருக்கும் சந்தேகம் வராது. அதே சேலம் மாவட்டத்தில் சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் வீரர் டி. நடராஜன் அமைத்த கிரிக்கெட் மைதானத்தை 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். அப்படி ஒரு மைதானத்தை அறக்கட்டளை நடத்தினால் அது பொதுநலத் தலைப்பு, 20 சதவீத வரம்பு. கிராமத்துப் பையனுக்கு அது எந்த விதத்தில் குறைந்த படிப்பு?

கூடுவாஞ்சேரியிலிருந்து வண்டலூர் வந்து கேளம்பாக்கம் சாலையில் திரும்பினால் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விளையாட்டுக்கென்று மாநிலச் சட்டமன்றமே சட்டம் இயற்றி உண்டாக்கிய பல்கலைக்கழகம் அது. அங்கே பட்டத்துக்குப் படித்தால் கல்வி. சில கிலோமீட்டர் தள்ளி, அங்கே போய்ச் சேர ஆசைப்படும் பையனுக்கு அதே வித்தையைக் கற்றுக்கொடுத்தால் கல்வி இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை பாடம் வேறு, விளையாட்டு வேறு என்று பிரிக்காதே என்கிறது. 2025இல் வந்த கேலோ பாரத் கொள்கை விளையாட்டைக் கல்வியோடு இணைக்கச் சொல்கிறது. கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சிஎஸ்ஆர் செலவுக்கு விளையாட்டுப் பயிற்சியைப் பெயர் சொல்லி ஏற்கிறது. புதிய வரிச் சட்டம் நிறைவேறிய அதே 2025 ஆகஸ்டில், அதே நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஒரே மாதத்தில் இரண்டு மசோதாக்களையும் கையில் வைத்திருந்தவர்களுக்கு வரையறையில் ஒரு சொல் சேர்க்கத் தோன்றவில்லை. விளையாட்டுச் சங்கங்களுக்கு இருந்த பழைய 10(23) விலக்கை 2002இல் எடுத்தார்கள். அதற்குப் பிறகு பதக்கம் வரும்போதெல்லாம் மாலை போட்டார்கள், வரையறையைத் தொடவில்லை. பெரிய கிரிக்கெட் சங்கங்களின் ஒளிபரப்பு வருமானத்தைப் பிடிக்கும் 20 சதவீத வரம்பு என்ற அதே வலையில் நந்திவரத்துச் சுண்டல் செலவும் மாட்டுகிறது. இதை வாரியம் அறியாமல் செய்கிறது என்று நாங்கள் நம்பவில்லை.

சட்டம் மாறும்வரை செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். டிரஸ்ட் டீடில் கல்வி, ஏழைகளுக்கு உதவி, விளையாட்டு மூன்றையும் தனித்தனி நோக்கங்களாக எழுதுங்கள். கட்டணம் வாங்கும் பயிற்சிக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வையுங்கள். கட்டணம் அடக்கச் செலவை ஒட்டியே இருப்பதைக் காட்டும் தாளை ஒவ்வொரு ஆண்டும் கோப்பில் சேருங்கள். மாலை வகுப்பை அருகிலுள்ள அரசுப் பள்ளியோடு எழுத்துபூர்வ ஏற்பாட்டில் நடத்தினால் வாதம் வலுக்கும். தொல்லை வேண்டாமென்று பணத்தை வேறொரு பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மாற்றிவிட நினைப்பவர்கள், 2023 முதல் அப்படிக் கொடுப்பதில் 85 சதவீதமே செலவாகக் கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம். 100 ரூபாய் வருமானத்தில் 85ஐ அப்படிக் கொடுத்தால் கணக்கில் ஏறுவது 72 ரூபாய் 25 காசுதான்.

வாரியத்திடம் நம் கோரிக்கை இரண்டு. வரையறையில் யோகாவுக்குப் பக்கத்தில் விளையாட்டையும் சேர்க்கும் திருத்தத்தை அடுத்த நிதி மசோதாவுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதுவரை, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகவோ அடக்க விலையிலோ தரும் விளையாட்டுப் பயிற்சி கல்வியின் பகுதியே என்று புதிய சட்டத்தின் கீழ் ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டும். பதிவு விண்ணப்பத்தில் விளையாட்டு நோக்கத்தின் மேல் கேள்வி வந்திருந்தால், கட்சிக்காரர் பெயரை மறைத்து அந்த நோட்டீஸின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து மனுவோடு இணைக்கப்போகிறோம்.