சேமிப்பின் பெயரால் ஒரு சிதைப்பு

திருவிழா மேளக் கச்சேரிகள், நாட்டுக்கூத்துகள், வானொலி நாடகங்கள் முதலியன பதிவாகியுள்ள பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றும் பணி ஈழத்துத் தமிழரிடையே ஆங்காங்கு நடைபெற்று வருகின்றது. முயற்சி போற்றுதற்குரியதே. ஆயின், பதிவினைச் செக்கனுக்கு 128 கிலோபிற் வீதமுடைய எம்.பி.3 கோப்பாகச் சுருக்கிவிட்டு, மூலநாடாவைக் குப்பையிலிடும் வழக்கத்தினைப் பாதுகாப்பு எனக் கொள்வது பெருந்தவறாகும்.

1993இல் சர்வதேச நியமமாக வெளிவந்த எம்.பி.3, சேமிப்பிடம் அரிதாயிருந்த காலத்தின் குழந்தை. இறுவட்டின் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிற் கொண்டது. அதனைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறுக்குதற்கு, செவி கவனியாது எனக் கணிக்கப்படும் கூறுகள் களையப்படுகின்றன. களையப்பட்டவை மீளா. பின்னர் அக்கோப்பினை எவ்வுயர்ந்த வடிவிற்கு மாற்றினும், இழந்தது இழந்ததே.

இதனால் முதலிற் பாதிக்கப்படுவது தவிலோசை. திடீரென எழும் அடிக்கு முன்னரே அதன் சிதறல் இரைச்சலாய்க் கசிவது இம்முறையின் அறியப்பட்ட குறை. பிற்வீதம் குறையக் குறைய அது மிகும். 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் வாசிப்பை இக்குறைக்கு இரையாக்குவோர், அக்கலைஞரின் விரல் நுட்பத்தையே மழுங்கச் செய்கின்றனர்.

"சாதாரண செவிக்கு வேறுபாடு தோன்றாதே" என்பர் சிலர். கேட்பதற்கு மாத்திரமாயின் அவ்வாதம் ஓரளவு பொருந்தும். பேருந்திற் கேட்பவனுக்குச் சிறு கோப்பே போதும். ஆனால் காப்பகப் பிரதி இன்றைய செவிக்கு மட்டும் உரியதன்று. நாளைய ஆய்வாளனுக்கும் உரியது. "நாடாவே இரைச்சல் மிக்கதாயிற்றே" என்பது மற்றொரு வாதம். அவ்விரைச்சலைப் பின்னர் செம்மையாக நீக்குதற்கும் சிதையாத மூலப்பதிவே வேண்டும்.

இடமில்லை என்ற சாட்டும் இன்று செல்லாது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் வகுத்த குறைந்தபட்ச அளவு 48,000 ஹேர்ட்ஸ், 24 பிற் ஆகும். இவ்வளவில் இருதட ஒலியை ஒரு மணிநேரம் பதிந்தால் ஏறத்தாழ 1,037 மெகாபைற் பிடிக்கும். ஆயிரம் மணிநேரப் பதிவும் இரண்டு தெராபைற் வன்தட்டொன்றில் எளிதில் அடங்கும். 2001இல் வெளிவந்த ஃபிளாக் முறையோ எதனையும் இழக்காது இதனை மேலும் சுருக்கித் தரும்.

ஆகவே வழி தெளிவு. காப்பதற்கு இழப்பற்ற பிரதி, கேட்பதற்குச் சிறு பிரதி. காப்புப் பிரதியும் ஒன்றன்று, வெவ்வேறு இடங்களில் இரண்டேனும் வேண்டும். மூலநாடாவும் பேணப்படல் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் மீளாதொழிந்தன. அது பிறர் இட்ட தீ. இன்று ஒலிநாடாக்களுக்கு நேர்வதோ, காப்பதாகச் சொல்லிக்கொண்டு தம்மவரே செய்யும் அழிவு. முன்னதற்காகக் கண்ணீர் வடிக்கும் சமூகம் பின்னதைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமோ?