வீடு கைமாறலாம், நினைவு?

நுழையும்முன்

பிறந்து வளர்ந்த வீட்டைப் பல குடும்பங்கள் விற்றுவிட்டு வேறிடம் செல்கின்றன. அவ்வீட்டோடு அதன் நினைவுகளும் போய்விட வேண்டுமா? இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

பெயரில் வாழும் நினைவு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் வழியில் அமைந்த ஊர் தேவதானம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலால் அறியப்படுவது. கோயிலுக்குக் கொடையாக விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'தேவதானம்' என்று குறிக்கின்றன. கொடையளித்தோர் மறைந்தனர், ஆட்சிகள் மாறின, ஆயினும், பழைய வழக்கம் ஒன்றை ஊர்ப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. ஊருக்குப் பொருந்தும் இவ்வுண்மை வீட்டிற்கும் பொருந்தும்.

தென்மாவட்டப் பழைய வீடுகளில் திண்ணை, பட்டாசல், அடுப்பங்கரை, தொழுவம் எனப் பகுதிக்கொரு பெயர் உண்டு. தானியம் சேமிக்க மண்ணாலான குலுக்கை இருந்தது. குலுக்கை என்ற சொல்லைக் கேட்டதும் முதியோருக்கு விளைச்சல் பெருகிய ஆண்டும் பஞ்சம் வாட்டிய ஆண்டும் நினைவுக்கு வரும். அச்சொல்லையே அறியாத பேரனுக்கு அந்த வரலாற்றின் வாயில் அடைபட்டுவிடுகிறது.

விற்பது குற்றமா?

பூர்வீக வீட்டை விற்பது பழி என்போர் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று. நூற்பாலை வேலைக்காக இராசபாளையத்திற்கும், பிற தொழில்களுக்காகக் கோவைக்கும் சென்னைக்கும் மக்கள் இடம்பெயர்கின்றனர். பிள்ளையின் படிப்புக்கோ பெற்றோரின் மருத்துவத்திற்கோ வீட்டை விற்க நேர்ந்தால் அதில் இழிவில்லை. பூட்டிய கதவுக்குள் கறையான் அரிக்கும் வீட்டால் எவர்க்கும் பயனில்லை. வீட்டை விற்பதைவிட, அதில் வாழ்ந்த வாழ்வைப் பற்றி எதுவும் கேளாமலும் எழுதாமலும் விடுவதே பேரிழப்பாகும்.

எவருடைய நினைவு?

குடும்ப வரலாறு பெரும்பாலும் ஆண்வழியே சொல்லப்படுகிறது. மணமாகிச் சென்ற மகளுக்கோ அவ்வீடு 'பிறந்தகம்' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்குகிறது. 1989ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தம், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பிறப்புரிமை வழங்கியது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் மணமானோர்க்கு மட்டும் அது பொருந்தவில்லை. 2005இல் நடுவணரசின் சட்டமும் மகளின் பிறப்புரிமையை ஏற்றது. சொத்தில் பங்குடையவளுக்கு நினைவில் பங்கில்லாமற் போகுமா?

நினைவு நேர்மையாகவும் இருத்தல் வேண்டும். திண்ணையின் குளிர்ச்சியைப் போற்றுவோர், அடுப்பங்கரைப் புகையில் கண் கலங்கியோரையும் மறத்தலாகாது. பண்ணை வேலை செய்தும் வாசலைத் தாண்ட இசைவு பெறாதோர் பல ஊர்களில் இருந்தனர். அவர்களை விடுத்து எழுதப்படும் வீட்டு வரலாறு பாதி வரலாறே.

எழுதிக் காத்தல்

காமராசர் வளர்ந்த விருதுநகர் வீட்டை அரசு நினைவில்லமாகக் காக்கிறது. எளிய குடும்பங்களின் வீடுகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை; அவற்றுக்கு ஒரு குறிப்பேடே நினைவில்லம். தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' என்னும் தன்வரலாற்றைத் தம் ஊரைப் பற்றிய செய்திகளிலிருந்தே தொடங்குகிறார். தம் வாழ்வைச் சொல்ல விரும்பியவர் முதலில் தம் மண்ணைச் சொன்னார்.

மாணவர்களும் இதனைச் செய்யலாம். பாட்டியிடமும் அத்தையிடமும் கேட்டு, பழைய வீட்டின் வரைபடத்தை வரையலாம்; ஒவ்வொரு பகுதியின் பெயரையும், அங்கே உழைத்தவர் யார், உறங்கியவர் யார் என்பதையும் குறிக்கலாம். சொந்த வீடில்லாது வாடகை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கும் இவ்வாறு எழுத நிறைய உண்டு. விற்ற வீட்டைப் பணம் சேர்த்துப் பின்னொரு நாள் மீட்கவும் கூடும். அவ்வீட்டை அறிந்த முதியவர் மறைந்தபின், கேளாமல் விட்ட செய்தியை எப்பொருள் கொடுத்தும் மீட்க இயலாது. ஆகவே, கேட்கும் பணியை அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைக்காமல் இன்றே தொடங்குதல் நன்று.