உடைமை மண்ணும் குத்தகைக் கூரையும்

ஒரு நிறுவனத்தின் பெருமையை அதன் விளம்பரம் பேசும். அதன் நிலையை அதன் உடைமைப் பட்டியலே பேசும். அமெரிக்க நாட்டில், பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தல் வேண்டும் என்பது சட்டம். தனக்குரிய முகன்மையான இடங்கள் எவை, அவற்றுள் உடைமை எவை, குத்தகை எவை என்று கூறும் பகுதியொன்று அவ்வறிக்கையில் உண்டு. படிப்போர் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகும் பகுதி அது. எனினும், செய்தித்தாளையும் கல்வியையும் ஒருங்கே வைத்து வணிகம் நடத்திய வாசிங்டன் போசுட்டு நிறுவனத்தின் வரலாற்றை அப்பகுதியின் கண்கொண்டு நோக்கின், மொழிக்கும் கல்விக்கும் உழைப்போர் அறிந்துகொள்ள வேண்டிய உண்மையொன்று புலப்படும்.

1933-ஆம் ஆண்டு சூன் முதல் நாள், கடனில் மூழ்கிய அச்செய்தித்தாள் தன் கட்டடத்துப் படிக்கட்டிலேயே ஏலம் விடப்பட்டது. யூசின் மேயர் என்னும் செல்வர், தம் பெயரை வெளிப்படுத்தாமல், வழக்கறிஞர் வழியாக 8,25,000 தாலருக்கு அதனை எடுத்தார். அவருடைய மருமகனுக்குப் பின் மகள் காத்தரின் கிரகாம் 1963-இல் பொறுப்பேற்றார். இதழ் வளர வளர அதன் உடைமையும் வளர்ந்தது. 1972-இல் தலைநகரின் பதினைந்தாம் தெருவில் புதிய கட்டடம் எழுந்தது. பின்னர் இசுபிரிங்பீல்டில் அச்சாலை; அலெக்சாந்திரிய ஆற்றங்கரையில் தாளுருளைகளுக்கான கிடங்குகள். எழுதுமிடம், அச்சிடுமிடம், தாள் வைக்குமிடம் ஆகிய மூன்றும் தன்னுடையவாக நின்றது அந்நிறுவனம்.

அவ்வாறு நின்றதன் வலிமை சோதனைக் காலத்தில் விளங்கிற்று. வியத்நாம் போர் பற்றிய மறைவு ஆவணங்களைச் செய்தித்தாள்கள் வெளியிடாவண்ணம் தடுக்க அரசு முனைந்தபோது, 1971 சூன் 30-இல் உச்ச வழக்குமன்றம் அறுவர்க்கு மூவர் என்னும் கணக்கில் செய்தித்தாள்களின் பக்கமே தீர்ப்புரைத்தது. அடுத்த ஆண்டில் வாட்டர்கேட்டுக் குற்றத்தின் முடிச்சை அவ்விதழின் செய்தியாளர் அவிழ்க்கத் தொடங்கினர். 1974-இல் குடியரசுத் தலைவர் நிக்சன் பதவி துறந்தார்.

ஆனால் அரசு எங்கே கை வைக்கப் பார்த்தது என்பதை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். அச்சுக்கூடத்திற்கு அரசின் உரிமம் தேவையில்லை. தொலைக்காட்சி நிலையத்திற்கோ உரிமம் தேவை. அந்நிறுவனத்திற்குப் புளோரிடாவில் தொலைக்காட்சி நிலையங்கள் இருந்தன. அவற்றின் உரிமத்தைப் புதுப்பிக்கும் காலத்தில் இதழுக்குத் தொல்லை நேரும் என 1972 செப்தம்பரில் நிக்சன் தம் அறையில் பேசியது ஒலிநாடாவில் பதிந்துள்ளது. அவ்வாண்டுத் தேர்தலுக்குப் பின் உரிமங்களுக்கு எதிராகப் போட்டி விண்ணப்பங்கள் வந்தன. நிறுவனத்தின் பங்கு விலை பெரிதும் சரிந்தது. உரிமங்கள் இறுதியில் தப்பின. ஆயினும் பெற்ற பாடம் ஒன்று: தன் மண்ணில் நிற்பவனை அசைக்க இயலாதவன், அவன் பிறர் இசைவில் நிற்குமிடத்தைத் தேடிப் பிடித்து நெருக்குவான்.

இனிக் கல்விப் பக்கத்தைக் காண்போர்க்கு இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். 1938-இல் புரூக்ளினில், தம் பெற்றோர் வீட்டு நிலவறையில், இசுட்டான்லி கப்லான் என்னும் இளைஞர் தேர்வுக்குப் பயிற்றத் தொடங்கினார். அப்பயிற்சி நிறுவனத்தை 1984-இல் வாசிங்டன் போசுட்டு நிறுவனம் வாங்கிற்று. சொந்த வீட்டின் நிலவறையில் முளைத்த அது, வணிகர் கைக்கு வந்தபின் நாடெங்கும் கிளை விரித்தது. சில ஊர்களில் உரிமைக் கட்டடங்கள் இருந்தன; பெரும்பாலான பாடவறைகளோ குத்தகைக் கூரையின்கீழ் அமைந்தவை. தாய் நிறுவனத்தின் வருவாயில் பாதிக்கு மேற்பட்ட பங்கு கல்வியிலிருந்தே வரும் காலமும் வந்தது. 2007-இல் அந்நிறுவனம் தன்னைக் கல்வி, செய்தி நிறுவனம் எனக் கல்வியை முன்வைத்தே கூறிக்கொள்ளலாயிற்று.

கூரை குத்தகை, பணமும் இரவலே. அந்நாட்டில் ஊதிய நோக்குடைய கல்லூரி, நடுவணரசின் மாணவர் உதவிப் பணத்திலிருந்து தன் வருவாயில் 90 விழுக்காடு வரை பெறலாம் என்று சட்டம் இருந்தது. மாணவர் தம் தலையில் கடனை ஏற்றிக்கொள்வர். கல்லூரி பணத்தைப் பெற்றுக்கொள்ளும். 2010-இல் அரசின் ஆய்வாளர் மாணவரைப்போல் வேடங்கொண்டு சென்று இத்தகைய கல்லூரிகள் பலவற்றின் ஆள்சேர்ப்பு முறைகளை வெளிப்படுத்தினர். கட்டுப்பாடு இறுகிற்று, மாணவர் தொகை குறைந்தது, ஊதியம் வற்றியது.

2015-இல் கப்லான் தன் 38 கல்விக்கூடங்களைப் பிறிதொரு கல்வி வணிக நிறுவனத்திற்குக் கைமாற்றியது. அவற்றின் பெயர்ப்பலகைகள் மாறின. வாங்கிய நிறுவனமோ மூன்றாண்டுகளில் கட்டடக் குடிக்கூலியும் செலுத்த இயலா நிலையை எய்திற்று. கட்டட உரிமையாளர் வெளியேற்றாவண்ணம் காக்க வேண்டுமென 2018 அக்குதோபரில் அது வழக்குமன்றத்தை நாடியது. திசம்பரில் ஒரே நாளில் தன் கல்லூரிகளை மூடுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 20,000 மாணவர் படிப்பின் நடுவே தெருவில் நின்றனர். கட்டடக்காரன் தன் கட்டடத்தை எடுத்துக்கொண்டான். மாணவனுக்கு எஞ்சியது கடன்.

குத்தகையே நன்று என வாதிடும் வணிகர் உளர். நிலத்தில் பணத்தை முடக்குதல் மடமை. வேண்டும்போது விரிக்கவும் வேண்டாதபோது சுருக்கவும் குத்தகையே வாய்ப்பு என்பர். கடைக்கு அவ்வாதம் பொருந்தும். சுருக்கவும் மூடவும் எளிதாயிருத்தல் பள்ளிக்கு நன்மையன்று. அதுவே அதன் நோய்.

அங்ஙனமாயின் உடைமை மட்டும் போதுமோ? போதாது. அதற்கும் இந்நிறுவனமே சான்று. 2013-இல் அச்செய்தித்தாள், வணிகச் செல்வர் பெசோசுக்கு 25 கோடித் தாலருக்கு விற்கப்பட்டது. பதினைந்தாம் தெருக் கட்டடம் தனியே 15.9 கோடித் தாலருக்கு விலைபோயிற்று. 2015 இறுதியில் இதழ் வேறொரு கட்டடத்திற்குக் குத்தகைக் குடியாகப் பெயர்ந்தது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் எழுந்த மாளிகையில் வீட்டுக்கடன் பெருநிறுவனம் ஒன்று குடியேறியது. நாட்டின் தலைவரே பதவி துறக்கும் அளவிற்கு உண்மை எழுதப்பட்ட மண், விற்பனைப் பட்டியலில் ஒரு வரியாயிற்று. எஞ்சிய நிறுவனம் கிரகாம் என்னும் பெயர் பூண்டு, 2019-இல் உணவகங்களையும் மகிழ்வுந்து விற்பனைக் கடைகளையும் வாங்கிற்று. வணிகனுக்கு அச்சுக்கூடமும் அடுக்களையும் ஒன்றே. விலை வந்தால் இரண்டையும் விற்பான்.

கப்லானின் பல்கலைக்கழகம் 2018-இல் ஒரே ஒரு தாலருக்கு இந்தியானா மாநிலத்துப் பர்தூப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நீண்டகால ஒப்பந்தத்தின்படி அதற்குப் பணிசெய்து பங்கு பெறும் உரிமையைக் கப்லான் தன்னிடம் வைத்துக்கொண்டது என்பது உண்மையே. எனினும் வாங்கிய பல்கலைக்கழகம் எத்தகையது? கல்லூரிகளுக்கென மாநிலங்களுக்கு நிலம் வழங்கிய 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாய், 1869-இல் தோன்றியது. அந்நிலங்கள் தொல்குடி மக்களிடமிருந்து கவரப்பட்டவை என்னும் கறையை மறைத்தல் ஆகாது. ஆயினும் கல்விக்கென்றே ஒதுக்கி, பொதுவுக்கென்றே கட்டிவைத்த உடைமை ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. வணிகத்திற்கென விரித்த கூடாரம் சுருங்கிவிட்டது.

எனவே, கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. நிற்கும் மண் எவருடையது? அம்மண்ணை விற்க எவருக்கேனும் உரிமை உண்டா? முதல் வினாவிற்குத் தன்னுடையது என்றும், இரண்டாம் வினாவிற்கு ஒருவருக்கும் இல்லை என்றும் விடை கூறவல்ல நிறுவனமே நிலைக்கும்.

இக்கப்லான் கடல் கடந்தும் கடை விரித்துள்ளது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகிய சிங்கப்பூரிலும் அதற்குக் கல்விக்கூடம் உண்டு. ஆங்குப் பிரித்தானிய, ஆத்திரேலியப் பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. அயலார் பட்டத்தை அயல்மொழியில் பெறுவதே உயர்வு என எண்ணித் தம் மொழிப்பள்ளியை வாட விடும் தமிழர், இரவற் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளை ஒப்பர். தமிழிதழ் நடத்துவோரும் தமிழ்வழிப் பள்ளி நடத்துவோரும் குடிக்கூலிக் கட்டடத்தில் தொடங்குதல் குற்றமன்று. அதிலேயே அமைந்துவிடுதலே குற்றம். ஒரு குழி நிலமாயினும், ஓர் அச்சுப்பொறியாயினும், அதனைத் தமிழுக்கென்றே எழுதிவைத்து, எவரும் விற்கவொண்ணாவாறு அறக்கட்டளையாக்குதல் கடன். கைப்பணம் செலவாகும், கட்டிவைத்த அறம் காக்கும்.